பின்னால் நின்ற ஜன்னல்

“பாத்தியா? நாப்பது நிமிசமும் ஊமையாத்தான் ஓடுது. மெர்லினு வாசிக்கவே இல்லட்டி.”

ஹெட்போனைக் கழற்றி மடியில் போட்டாள் அவள்.

“வாசிச்சா. கல்யாண வீட்ல நான் பாத்தேம்லா” என்றாள் இசக்கி. விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து சடை பின்னிக்கொண்டிருந்தாள்.

“உனக்காக வாயசைச்சிருப்பா.”

மதியம் இரண்டு மணிக்குப் பரீட்சை. ஒப்பந்தச் சட்டம்.

கண் தெரியாத அவளுக்கு மூன்று வருடமாகப் புத்தகம் என்றால் மெர்லினின் குரல்தான். மெர்லின் வாசித்துப் பதிவு செய்வாள். இவள் கேட்டுப் படிப்பாள்.

போன வாரம் மெர்லினுடைய அக்காவுக்குக் கல்யாணம். மெர்லினின் போனைப் படம் எடுக்கப் பிடுங்கிக்கொண்டார்கள். அதனால் கடைசிப் பாடத்தை அம்மாவின் பழைய பட்டன் போனில் பதிவு செய்து, மெமரி கார்டை இசக்கியிடம் கொடுத்துவிட்டிருந்தாள்.

அந்தப் பதிவுதான் இந்த மௌனம்.

அரை மணி நேரத்துக்கு முன் இவள் மெர்லினுக்கு ஒரு குரல்செய்தி அனுப்பினாள். “முடியலன்னா சொல்லியிருக்கலாம்லா. வேற ஆளப் பாத்திருப்பேன்.”

மெர்லின் கேட்டுவிட்டாள்.

மடியில் கிடந்த ஹெட்போனை லேப்டாப்பிலிருந்து பிடுங்கி எறிந்துவிட்டு, மூடியைச் சாத்தப் போனாள். அவசரத்தில், திரையின் ஜன்னல்களை மாற்றும் விசைகளில் விரல் பட்டது.

திரையை வாசித்துச் சொல்லும் லினக்ஸின் தட்டையான குரல் பேசியது.

இந்த ஒலியைத் திறக்கும் கோடெக் இங்கே இல்லை. தேடி நிறுவவா?

அவள் கை அப்படியே நின்றது.

பிளேயருக்குப் பின்னால் இன்னொரு ஜன்னல் இருந்திருக்கிறது. காலையிலிருந்து அதே கேள்வியோடு.

“இசக்கி, ஹாட்ஸ்பாட்டப் போடு. சீக்கிரம்.”

என்டர்.

கடவுச்சொல் கேட்டது. அடித்தாள். எழுத்துக்கு ஒரு முறை குரல் சொன்னது. ஸ்டார். ஸ்டார். ஸ்டார். ஸ்டார்.

பன்னிரண்டு சதவீதம்.

இசக்கி பாதிச் சடையைக் கையில் பிடித்தபடி வந்து நின்றாள்.

அறுபது.

நூறு.

பதிவை மறுபடி ஓட்டினாள். முதலில் மேளம். ஏதோ அண்டா உருளும் சத்தம். குழந்தைகள்.

நடுவில், தொண்டை கிழிய, மெர்லின்.

“பிரிவு இருபத்தஞ்சு. மறுபயன் இல்லாத, அதாவது பதிலுக்கு எதுவும் தராத, உடன்படிக்கை செல்லாது. விதிவிலக்கு ஒண்ணு, இயல்பான அன்பும் பாசமும்... ஏ பிள்ளைகளா, அங்கிட்டுப் போய் வெளையாடுங்க! ஒருத்திக்குப் பரீட்சை இருக்கு!”

அவள் சத்தத்தைக் கூட்டினாள்.

அந்தப் பட்டன் போனை இப்போது யாரும் வாங்குவதில்லை. அது சத்தத்தை மடித்து வைக்கும் விதமும் யாருக்கும் வேண்டாததாகிவிட்டது.

இருந்தும் எந்த ஊரிலோ யாரோ உட்கார்ந்து, அதைப் பிரிக்கும் வழியை எழுதி, சும்மா வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தேவைப்படுகிறவர் வந்து கேட்க வேண்டும் என்றுகூட இல்லை. அதுவே கேட்கிறது, வேண்டுமா என்று.

மெர்லின் பிரிவு இருபத்தாறுக்குப் போனாள். குரல் கட்டியிருந்தது.

இவள் தன் போனை எடுத்தாள். பதிவுப் பொத்தானை அழுத்தினாள்.

மூச்சு விடாமல் பேசினாள்.

“ஏ மெர்லினு, உன் சத்தம் வந்துட்டுட்டி! அண்டா உருளுறதுகூட கேக்கு! இதத் தொறக்குற வழிய எவனோ ஒருத்தன் எழுதி வச்சிருக்கான், என்னய யாருன்னே தெரியாது அவனுக்கு. எதுக்குட்டி செஞ்சிருப்பான்? நீ என்ன நெனைக்க?”