மே ஐந்து

இணையதளத்தில் தேதி காட்டும் நிரலைக் குலோத்துங்கன் எப்போதும் தன் பிறந்தநாளை வைத்துத்தான் சோதிப்பார். மே ஐந்து. நாளும் மாதமும் இடம் மாறினாலும் அது ஐந்து ஐந்தாகவே இருக்கும் என்பது அந்த மேதாவிக்கு உறைக்கவே இல்லை. அவர்கள் செய்துகொடுத்த ஆஸ்பத்திரி இணையப் பக்கத்தைத் தமிழில் திறந்தால் தேதியில் நாளும் மாதமும் தலைகீழாகிறது என்று, அவரிடம் வேலை பார்க்கும் தாமிரா மார்ச்சிலேயே சொன்னாள். "தமிழ்ல யாரும்மா பாக்கப் போறாங்க? என் மெஷின்ல சரியாத்தான் வருது" என்றவர், ஜெர்மன்காரன் தேதிக்கு நடுவே வைக்கும் புள்ளியின் அழகைப் பற்றி அரைமணி நேரம் அளந்தார்.

இன்று ஜூலை நான்கு. ஆஸ்பத்திரியிலிருந்து போன். ஏப்ரல் ஏழாம் தேதி ஆபரேஷனுக்கு வரவேண்டிய ஓர் அம்மா இன்றைக்குத்தான் வெறும் வயிற்றோடு வந்து நிற்கிறாராம். அவருடைய செல்போனில் தமிழ்ப் பக்கம் ஜூலை நான்கு என்றுதான் காட்டுகிறதாம். கட்டி இனி அறுக்க முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டதாம்.

தாமிரா போனைக் குலோத்துங்கனிடம் நீட்டினாள். "உங்க பொறந்தநாளைக்கு மட்டும்தான் சார் உலகம் ஒழுங்கா இருக்கு."

அவர் வாங்கவில்லை. கீபோர்டை இழுத்து மறுபடியும் மே ஐந்து என்று அடித்தார். திரையில் பச்சை டிக் விழுந்தது.

"பாரு" என்றார்.