ரசக்குழி

சர்க்கரை முந்நூறைத் தாண்டிய நாளிலிருந்து தில்லைநாயகத்தின் தட்டில் சோறு கிடையாது. துருவி வேகவைத்த காலிஃப்ளவர்தான். பழக்கதோஷத்தில் அதன் நடுவிலும் குழி பறித்தார். மனைவி சௌந்தரம் ரசம் ஊற்றியதும் கரை சரிந்து தட்டெல்லாம் ஓடியது.

"இதுல எங்கங்க நிக்கும்?" என்றாள்.

அவர் அவள் தட்டிலிருந்த சோற்றைப் பார்த்தார். "ஒரே ஒரு குழி. வெட்டி மட்டும் தரேன்."

கல்யாணமான புதிதில் இருவருக்கும் ஒரே தட்டு. குழி அவர் வேலை, ரசம் அவள் வேலை.

சௌந்தரம் தன் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். விரல்களால் வட்டமாக, ஆழமாக வெட்டினார். ஊற்றிய ரசம் ஒரு சொட்டு வழியாமல் ததும்பி நின்றது.

"கைல சோறு ஒட்டியிருக்கு. கழுவிட்டு வாங்க."

எழுந்து போனார். குழாய்ச் சத்தம் கேட்கட்டும் என்று சௌந்தரம் கரையை உடைக்காமல் காத்திருந்தாள். வெகுநேரம் கேட்கவில்லை; விரல் சப்பும் சத்தம்தான் கேட்டது.