அசையாத ஆள்

"கல்யாணத்துக்கப்புறம் அப்பா எங்கேம்மா போயிட்டாரு?" குடும்ப ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, மகள் சின்ன வயதில் ஒருமுறை கேட்டாள். அம்மா ஆல்பத்தை வாங்கி மறுபடி முதலிலிருந்து புரட்டினாள்.

இன்று அந்த அம்மா, கணவரின் பழைய ஃபிலிம் கேமராவோடு கடையில் நின்றாள்.

"இந்த 1.8 லென்ஸே போதும்மா" என்றார் கடைக்காரர்.

"மங்கலான வெளிச்சம். ஃப்ளாஷ் போடக் கூடாதுங்க."

"அப்போ 1.4 வாங்குங்க. வெளிச்சத்தை அள்ளிக்கும். ஆனா ஆள் கொஞ்சம் அசைஞ்சாலும் முகம் கலங்கிடும்."

"அசைய மாட்டாரு. என் வீட்டுக்காரர்தான்."

கடைக்காரரின் கண் கலங்கியது. லென்ஸோடு ஒரு ஃபிலிம் ரோலையும் வைத்தார். "இது என் சார்பா. சார் போய் எத்தனை நாளாச்சும்மா?"

"ஐயையோ, வாயைக் கழுவுங்க! வீட்டுல டிவி பாத்துக்கிட்டிருக்காரு. எங்களையெல்லாம் ஓடி ஓடி எடுப்பாரு. அவர் பக்கம் கேமராவைத் திருப்பினா ஆளே காணோம். தூங்கும்போதுதான் பிடிக்கணும்!"

கடைக்காரர் அசடு வழியச் சிரித்தார். ரோலைத் திரும்ப எடுக்கவில்லை.

பிற்பகலில், திரை இழுத்த அறையில் கணவர் நாற்காலியிலேயே அயர்ந்திருந்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். கேமராவின் 'டக்' சத்தம் அவருடைய குறட்டையில் அமுங்கிப்போனது.

எல்லோருக்கும் படம் எடுத்துக் கொடுத்தவருக்கு ஒரு படம் திரும்பக் கிடைத்தது. அது அவருக்கே தெரியாது.