பிரீத்திகாவின் கடைசி வீடியோ

அழிக்கவா என்று திரை கேட்கிறது. ஹைக்கு என்ற, ஊரில் யாரும் கேள்விப்படாத ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பழைய கம்ப்யூட்டரில் ஏற்றுவது எப்படியென்று பிரீத்திகா தமிழில் பேசிப் போட்ட வீடியோக்களில் மிச்சமிருப்பது இது ஒன்றுதான். பக்கத்து ஆலையில் பட்டாசு சோதிக்கும் சத்தம் குறுக்கிட்டு அவள் சிரித்த இடத்தில் நிறுத்தியிருக்கிறாள். வீடியோவுக்குக் கீழே கமெண்டில் யாரோ, "அக்கா, அடுத்தது எப்போ?" என்று கேட்டிருக்கிறார்கள். "இன்னுமாடி அதையே பாத்துக்கிட்டிருக்க? பொம்பளப் பிள்ள குரலு ஊரு பூரா கேக்குதுன்னு தெரிஞ்சா, மாப்பிள்ளை வீட்டுக்காரக எந்திரிச்சுப் போயிருவாக!" பூச்சரத்தோடு நிற்கும் அம்மா பாலம்மாள் வாசலை எட்டிப் பார்க்கிறாள். ஏழாயிரம்பண்ணையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்த வேன் வாசலில் நிற்கிறது. பிரீத்திகா அழிக்கிறாள். கூடத்தில் காபித் தட்டை நீட்டியதும் மாப்பிள்ளையின் தாயார் அவளை ஏற இறங்கப் பார்க்கிறார். "பிள்ள லட்சணமாத்தான் இருக்கு. ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுங்க. பேச்சு வருமான்னு நாங்களும் பாக்கணும்ல?"