கப்பலுக்குக் கேட்ட பூ

"ஏனுங்க, கப்பல் கேன்சல் இல்லையாமுங்க! மெசேஜ் வந்துருச்சு!"

செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி லோகப்பிரியா கூடத்துக்கு ஓடி வந்தாள். அருள்குமார் வாங்கிப் படித்தான். வங்கக் கடலில் புயல் இருப்பதால் சுற்றுலாக் கப்பல் இலங்கைக்குப் போகாதாம். புயலை ஒதுக்கிச் சுற்றிக்கொண்டு மூன்று நாள் கடலிலேயே ஓடிவிட்டுச் சென்னைக்குத் திரும்புமாம். பயணிகள் கவலைப்பட வேண்டாம் என்று முடிந்திருந்தது.

"கவலப்படாதீங்கன்னு அவனே சொன்னாத்தான் எனக்குப் பயமா இருக்குது" என்றாள் அருள்குமாரின் அம்மா குழந்தையம்மாள். "டிவியில பாத்தியா கண்ணு? அந்தப் புயலு பம்பரமாட்டச் சுத்துது. இந்த நேரத்துல கப்பல் என்னத்துக்கு?"

லோகப்பிரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷம். பெரியநாயக்கன்பாளையத்தில் புருஷனுக்கு லேத் பட்டறை. ஞாயிற்றுக்கிழமைகூடப் பம்ப்செட் பாகங்கள், ஆர்டர், டெலிவரி. சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து, பழனி, இவற்றைத் தாண்டி அவள் எங்கேயும் போனதில்லை. கடலையே பார்த்ததில்லை என்றால் நம்புவீர்களா? ஒரு வருஷம் கெஞ்சி, அழுது, பேசாமல் கிடந்து வாங்கிய டிக்கெட் இது. ராத்திரி ரயில். பெட்டிகள் மூன்றும் கட்டி வாசல் பக்கம் நிற்கின்றன.

"எதுக்கும் அம்மன்கிட்டப் பூ கேட்டுப்போட்டுப் போங்க" என்றாள் குழந்தையம்மாள்.

அவ்வளவுதான், அருள்குமார் எழுந்து சட்டையை மாட்டினான். அந்த வீட்டில் லேத் மிஷின் வாங்கியதும் பூ கேட்டுத்தான், லோகப்பிரியாவைக் கட்டியதும் பூ கேட்டுத்தான். இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளை அரளி, மற்றதில் செவ்வரளி. அம்மன் காலடியில் வைத்து, குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் யார் வந்து சொன்னாலும் அருள்குமார் வாசலைத் தாண்ட மாட்டான்.

"பொட்டலம் நானே மடிச்சுக் கொண்டாரனுங்க" என்று லோகப்பிரியா அரளிச் செடிக்கு ஓடினாள்.

கோயிலில் நாலு மணிக்கே இருட்டிக் கிடந்தது. மழை இல்லை, காற்று இல்லை, வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. ஆனாலும் பூசாரி ஏற்றிய கற்பூரம் ஒரே பக்கமாகச் சாய்ந்து எரிந்தது.

"நீங்க சுத்தீட்டு வாங்க. தட்ட நான் குடுத்துக்கறேன்" என்று குழந்தையம்மாள் பூத்தட்டை வாங்கிக்கொண்டாள்.

மூன்று சுற்றுச் சுற்றி வந்தார்கள். பூசாரி இரண்டு பொட்டலங்களையும் அம்மன் முன்னால் வைத்து, அவர்களுடைய ஆறு வயது மகள் கனிஷ்காவைக் கூப்பிட்டார். "எடு சாமி, எது வேணுமோ எடு."

கனிஷ்காவின் கை இடப்பக்கம் போனது. தொடுவதற்குள், யாரோ மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினாற்போல வலப்பக்கம் போய் அந்தப் பொட்டலத்தை எடுத்தது.

"ஈரமா இருக்குதும்மா" என்று முகத்தைச் சுளித்தாள்.

பூசாரி பிரித்தார். செவ்வரளி. ரத்தச் சிவப்பு.

"உத்தரவு இல்லீங்க."

"செரி உடுங்க, டிக்கெட்டக் கேன்சல் பண்ணிப்போடலாம்" என்றான் அருள்குமார்.

லோகப்பிரியா வாயே திறக்கவில்லை. எப்படித் திறப்பாள்? இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை அரளியையே வைத்து மடித்தவள் அவள்தானே!

காரில் வரும்போது அவள் யோசித்து யோசித்துப் பார்த்தாள். தட்டு யார் கையில் இருந்தது? மாமியார் கையில். கப்பல் வேண்டாம் என்றது யார்? மாமியார். வேறென்ன வேண்டும்!

வீட்டுக்கு வந்ததும் அருள்குமார் டிராவல்ஸ்காரரோடு பேச வாசலுக்குப் போனான். லோகப்பிரியா மாமியாரைச் சமையலறையில் மடக்கினாள்.

"ஏனுங்கத்தே, பொட்டலத்த மாத்திப்போட்டீங்கதானே?"

குழந்தையம்மாள் நிமிரவில்லை. இடுப்புச் சேலை மடிப்பிலிருந்து இரண்டு பொட்டலங்களை எடுத்து மேடைமேல் வைத்தாள். லோகப்பிரியா மடித்த அதே காலண்டர் தாள், கட்டிய நூல்கூட அவிழவில்லை.

"ஆமா கண்ணு. மாத்திப்போட்டேன்."

"நான் உங்களுக்கு என்னங்க பாவம் பண்ணுனேன்? ஒம்பது வருசத்துல ஒண்ணே ஒண்ணுக்கு ஆசப்பட்டேன். சாமி பேரச் சொல்லி ஏமாத்திப்போட்டீங்களே, அடுக்குமாங்க இது?"

ஏமாற்றப் போனவளே இப்படிக் கேட்கிறாளே என்று சிரிக்காதீர்கள். ஆத்திரத்தில் அதெல்லாம் யாருக்கு ஞாபகம் வருகிறது?

"இப்பவே அவருகிட்டச் சொல்றேன், அது அம்மன் குடுத்த பூவே இல்ல, உங்கம்மா வெச்ச பூன்னு. நாங்க கப்பலுக்குப் போறமுங்க!"

திரும்பியவளின் கையைக் குழந்தையம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"போவாத அம்மணி. உன்ற கால்ல வேணாலும் உழுகறேன், போவாத."

"ஏனுங்க? நீங்க வெச்ச செவப்புப் பூவுக்கு நான் எதுக்குப் பயப்படோணும்?"

"நாஞ் செவப்பு வெக்கல கண்ணு. வாயிதான் வேண்டாமுன்னுச்சு. நீ பெட்டியக் கட்டி வெச்சுட்டு வாசலையே பாத்துட்டு இருந்தியா, எனக்கு மனசு கேக்கல. நீ மொறப்படி ஒண்ணுல செவப்பு வெச்சிருப்ப, அது வந்துருச்சுன்னா உன்ற மொகம் வாடிப்போயிருமேன்னுதான் மாத்துனேன்." பிடித்த கையைக் குழந்தையம்மாள் விடவே இல்லை. "நான் வெச்ச ரெண்டுலயுமே வெள்ளப் பூதான் அம்மணி."