பீஸ் கட்டை

காளிராஜின் கிரில் பட்டறைக்குள் நுழைந்து, பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் கட்டடத்தின் சொந்தக்காரர் மலையாண்டி.

“இங்கன லாட்ஜ் கட்டப்போறேன். நீ காலி பண்றவரைக்கும் கரண்டு கிடையாதுலே.”

காளிராஜ் புதிதாக வாங்கிய கட்டிங் மெஷினை எடுத்து அழுத்தினான். வயரே இல்லாமல் இரும்புக் குழாயில் பொறி பறந்தது.

“பேட்டரிதானடா? அது செத்ததும் எங்கிட்டதான் வந்து நிப்ப!”

“நிக்கிறப்ப பாப்போம்ணே.”

கோயில் நடை சாத்தும் மதிய நேரம். மலையாண்டி பக்கத்திலிருந்த தன் சங்குக் கடைக்குள் போய், ஷட்டரை ஒரு சாண் விட்டு இறக்கித் தூங்கினார். எழுந்து தூக்கினால், உப்புக்காற்றில் துருப்பிடித்த ஷட்டர் அசையவே இல்லை.

“ஏலே காளிராஜு! மெஷினைக் கொண்டாந்து இதை அறுத்துவிடுலே. வெந்து சாகுறேன்!”

வெளியே காளிராஜின் கால்கள் வந்து நின்றன.

“நீங்க சொன்னது சரிதாண்ணே. பேட்டரி செத்துப்போச்சு. சார்ஜ் போடக் கரண்டு வேணுமே!”

உள்ளே பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஷட்டருக்கு அடியில் பீஸ் கட்டை வெளியே வந்தது.

“நாசமாப் போறவனே, இந்தா! இனிமே பிடுங்க மாட்டேன். போய் மாட்டித் தொலை.”

காளிராஜ் மாட்டினான். பட்டறையில் மின்விசிறி சுற்றியது.

“சார்ஜ் ஏற எம்புட்டு நேரமாகும்லே?”

காளிராஜ் மெஷினின் பட்டனைத் தட்டிப் பார்த்தான். பேட்டரியில் சார்ஜ் அளவு காட்டும் பச்சை விளக்குகள் அத்தனையும் எரிந்தன.

“ரொம்ப நேரமாகும்ணே. நான் ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்.”