ஜாஸ்தி காட்டும் மீட்டர்

"ரெண்டுல எது தம்பி ஜாஸ்தி காட்டும்?"

அம்சவள்ளி கேட்டதும் பகலவனுக்குச் சுருக்கென்றது. கள்ளக்குறிச்சியில் அவன் சைக்கிள் கடை போட்ட நாளிலிருந்து எது நல்லா உழைக்கும், எது சரியாக் காட்டும் என்று கேட்டவர்கள் உண்டு. எது கூடக் காட்டும் என்று கேட்டது இந்த அம்மாதான்.

மேஜைமேல் இரண்டு ஜோடி பெடல். பார்க்கச் சாதாரணப் பெடல். உள்ளே பவர் மீட்டர். மிதிக்கிறவர் எவ்வளவு பலமாக மிதிக்கிறார் என்று ஹேண்டில்பாரில் மாட்டியிருக்கும் சின்னத் திரையில் வாட்ஸ் கணக்கில் சொல்லிவிடும்.

"இது கரெக்டா காட்டும்க்கா. நூத்தம்பது மிதிச்சா நூத்தம்பது. அது கோளாறு பீஸு. நூத்தம்பது மிதிச்சா நூத்தி எண்பதுன்னு காட்டுது. ரெண்டையும் மலையில ஏத்திப் பாத்துட்டேன். சரி பண்ணாம விக்கக் கூடாதுன்னு தனியா எடுத்து வச்சிருக்கேன்."

"அதையே குடுங்க."

பகலவன் தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தான்.

"அக்கா, அது பொய் சொல்ற மீட்டரு."

"தெரியுது. இப்பதான சொன்னீங்க."

"யாருக்குக்கா?"

"எங்க வூட்டுக்காரருக்குதான். நானா சைக்கிள் மிதிக்கப் போறேன்?"

வீட்டுக்காரர் ராஜாங்கம். கச்சிராயபாளையத்தில் கரும்பு விவசாயம். ஐம்பது வயதுக்கு மேல் ரோடு பைக் வாங்கி, ஞாயிறு தவறாமல் ஒரு கூட்டத்தோடு கல்வராயன் மலை ஏறிக் கரியாலூர் போய் வந்துகொண்டிருந்தவர். அந்தக் கூட்டத்தில் பேங்க் சிவசங்கரிடம் மட்டும் பவர் மீட்டர் இருந்தது. மேலே டீ குடிக்கும்போது, "இன்னிக்கு நூத்தி எண்பது வாட்ஸ்" என்பார் சிவசங்கர். ராஜாங்கத்துக்கு அதற்குமேல் டீ இறங்காது.

ஒரு வருஷமாக வீட்டில் மீட்டர் கேட்டுப் பார்த்தார். அம்சவள்ளி அசைந்து கொடுக்கவில்லை. இன்றைக்கு அந்த அம்மாவே வந்து நிற்கிறார். அதுவும் கோளாறு பீஸ்தான் வேண்டுமாம்.

பகலவனுக்கு விளங்கிவிட்டது. புருஷன் டீக்கடையில் மார் தட்டப் பெண்டாட்டி செய்கிற ஏற்பாடு.

"போன்ல ஒரு நம்பர மாத்துனா இதுவும் சரியாயிடும்க்கா. சரி பண்ணியே குடுத்துடறேன்."

"கை வெக்காதீங்க தம்பி. இருக்கிற மாதிரியே இருக்கட்டும்."

அவனுக்குப் பொறுமை போயிற்று.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. சிவசங்கர் சார ஏமாத்தலாம். கூட்டத்தையே ஏமாத்தலாம். மலைய ஏமாத்த முடியுமா? அண்ணன் என்ன நம்பி உங்கள அனுப்பியிருக்காரு. எடை மேடையில கரும்பு லாரி நின்னா, நம்பர் நிக்கிற வரைக்கும் கண்ணெடுக்காத மனுஷன். அவருக்குப் போயி பொய் மீட்டர என் கையால எப்படிக் குடுக்கறது?"

"அவருக்குப் புடிச்ச நம்பர் வந்தா கேள்வி கேக்க மாட்டாரு."

"அண்ணன் கேக்க மாட்டாருக்கா. என் மனசாட்சி கேக்கும். பொய் சொல்லி ஒரு ஸ்க்ரூ கூட இந்தக் கடையில வித்தது கெடையாது."

சொல்லிவிட்டு, கோளாறு பெடலைப் பெட்டியில் போட்டு மூடினான்.

அம்சவள்ளி கிளம்பவில்லை. வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மூணு மாசமா அவரு ஏன் மலைக்குப் போவல, தெரியுமா தம்பி?"

"கரும்பு வெட்டுன்னாரே."

"வெட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. புதுச்சேரியில நெஞ்சுக்கு ஸ்டென்ட் வச்சிக்கினு வந்து வூட்டுல கெடந்தாரு. வெளிய மூச்சு வுடக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கினாரு."

பகலவன் பெட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"டாக்டரு மிஷின்ல மிதிக்க வுட்டுப் பாத்தாரு. சைக்கிள் வுடலாம், உடம்புக்கு நல்லதுதான், ஆனா நூத்தம்பதுக்கு மேல போவக் கூடாதுன்னுட்டாரு. இவரு இன்னா சொல்றாரு தெரியுமா? சிவசங்கரோட நூத்தி எண்பத ஒரே ஒரு வாட்டி தொட்டுட்டா, அப்புறம் ஜென்மத்துக்கும் மெதுவா உருட்டிக்கினு போறேன்றாரு."

"நீங்க சொல்லலியாக்கா?"

"சண்ட போட்டேன். ரெண்டு நாள் சோறு துண்ணாம கூடக் கெடந்தேன். யார் பேச்சையும் கேக்க மாட்டாரு. நம்பர் சொன்னா மட்டும் கேப்பாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்த மீட்டர்ல நூத்தி எண்பது காட்டும்போது, நெசமா நூத்தம்பதுதான தம்பி?"

"ஆமாங்க்கா."

அதற்குள் அம்சவள்ளியின் போன் அடித்தது. ராஜாங்கம்தான்.

"வாங்கிட்டியா? கடைக்காரன்கிட்ட குடு."

பகலவன் வாங்கிக் காதில் வைத்தான்.

"தம்பி, அவளுக்கு ஒண்ணும் தெரியாது. எதையாவது தலையில கட்டிடாத. எனக்கு கரெக்டான மீட்டரா இருக்கணும். இன்னா, கரெக்டா இருக்குமா?"

பகலவன் கோளாறு பெடல் இருந்த பெட்டியை எடுத்து அம்சவள்ளி கையில் கொடுத்தான்.

"உங்களுக்கு இதவிட கரெக்டான மீட்டர் உலகத்துலயே கெடையாதுண்ணே."